தெளிந்த நீரும் தூய நீரும்



பானை நீரில் அடி தெரிந்தால் அது நல்ல நீர் என்று நாம் நம்பிவிடுகிறோம். தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு என்பதை மனிதகுலம் பல உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது. அப்பாடத்தின் ஒரு பகுதி நமது சென்னை மாநகரின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

1772ஆம் ஆண்டில் சென்னையில் ஏழு கிணறு நீர்த்திட்டம் தோன்றியது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் வழங்குவதே அதன் முதன்மையான நோக்கம். நூறு ஆண்டுகள் கழித்து, 1872இல், செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு வந்து, அங்கிருந்து குழாய்களில் நகருக்குள் ஓடியது. ஆயினும் அந்நீர் வடிகட்டப்படவில்லை. மேட்லி என்னும் பொறியாளரின் முயற்சியால் 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே அக்குறை நீங்கிற்று. குழாய் வந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றே தூய்மை வந்தது!

இதற்குள் உலகம் அறிந்துகொண்டது யாது? 1854இல் இலண்டன் மாநகரில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியது. பத்தே நாட்களில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் மாண்டனர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் இல்லங்களைக் கணக்கெடுத்தார். அவர்களுள் பெரும்பாலோர் அத்தெருவின் அடிகுழாய் நீரைக் குடித்தவர் என்று கண்டார். அவர் வேண்டியபடி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவர் கூற்றை முதலில் நம்பாதவர் அப்பகுதிப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். அதை மறுக்கவே அவர் வீடுவீடாகச் சென்று விசாரித்தார்; முடிவில் அதுவே உண்மை என்று ஏற்றார். நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் கிணற்றையொட்டிய கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டறிந்தவரும் அவரே. மருத்துவரின் அறிவோடு, தெரு மக்களை அறிந்தவரின் உழைப்பும் சேர்ந்தபோதே உண்மை நிலைபெற்றது.

1884இல் இராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்தார். மக்கள் குளித்து, துணி துவைத்து, குடிக்கவும் நீர் மொண்ட ஒரு குளத்தில் காலராக் கிருமி இருப்பதைக் கண்டார்.

காலராவோ பழங்கதையாகிவிடவில்லை. 1992இல் அதன் புதியதொரு வகை சென்னையில் வெளிப்பட்டு, வங்கம் வரை பரவியது. ஆகவே, குழாய் இருக்கும்போது நமக்கென்ன அச்சம் என்று இருந்துவிடலாகாது. குழாயில் நீர் ஓடும்போது உள்ளிருந்து வெளியே அழுத்துகிறது. நீர் நின்றதும் அழுத்தம் குன்றுகிறது. அப்போது குழாயில் சிறு விரிசல் இருந்தாலும், அருகில் தேங்கிய சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடும். ஏழை மக்கள் நெருங்கி வாழும் சந்துகளில் குழாயும் சாக்கடையும் அடுத்தடுத்தே செல்கின்றன. அழுத்தம் போதாத தெருக்களில் குழி தோண்டி, தரைக்குக் கீழே நீர் பிடிப்பதும் உண்டு. குழியில் மழைநீரும் கழிவும் தேங்குமானால் கேடு கேட்காமலே வரும்.

ஆடித்தபசு விழாவுக்குப் பெருந்திரளாக மக்கள் கூடுவதும், விசைத்தறித் தொழிலாளர் பலர் வாழ்வதுமான சங்கரன்கோவில் போன்ற நகரங்களில் இவ்விழிப்பு மிகவும் தேவை. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்டால், அவர்கள் எந்தக் குழாயில் நீர் பிடித்தனர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நகராட்சிச் சுகாதார ஆய்வாளரிடம் உடனே தெரிவியுங்கள். நீரில் நிறமோ நாற்றமோ மாறினாலும் அவ்வாறே செய்யுங்கள். குழாய் செப்பமாகும் வரை நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கொதிக்கவைக்க விறகும் எரிவாயுவும் வேண்டும். அன்றாடம் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அதுவும் செலவே. ஆதலால் தூய நீரைத் தருவது ஆட்சியின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. கேட்பதற்கு முதலில் அறிய வேண்டும். எழுத்தறிந்த நீங்கள் உங்கள் தெருவுக்கு அவ்வறிவைக் கொண்டு சேர்ப்பீர்களாக!