பள்ளிவாசலுக்குள் ஒரு கூடாரம்

எங்கள் மஹல்லாவில் ஜமாஅத்தார் நடத்தும் சிறிய இலவச மருத்துவ நிலையம் ஞாயிறு காலைகளில் மட்டும் திறந்திருக்கும். மருத்துவர் ஒருவர் வருவார். சீட்டு எழுதவும், முதியவர்களைக் கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்லவும், எந்த மாத்திரையை எந்த வேளை உண்பது என்று விளக்கவும் ஆட்கள் தேவை என ஒரு ஜுமுஆவுக்குப் பின் அறிவித்தார்கள். மறுநாள் மாலை, என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தியின் தாயார் மதரஸா வாசலுக்கு வந்தார். "போயே தீருவேன் என்று நிற்கிறாள், ஹஜ்ரத். அவள் என்ன டாக்டருக்கா படித்திருக்கிறாள்? கலியாணத்துக்கு இருக்கிற பிள்ளை, அங்கே போய் என்ன செய்யப் போகிறாள்?" என்றார்.

"இரண்டு நாள் பொறுங்கள், உம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கிதாபுகளைப் புரட்டினேன். பல முறை பாடம் நடத்திய பக்கங்கள்தாம். இம்முறை வேறு விதமாகக் கண்ணில் பட்டன.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627, அகழ்ப்போர். அவ்ஸ் குலத்தின் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் எதிரியின் அம்பு பாய்ந்து பெரிய இரத்தக் குழாய் அறுபட்டது. நபி (ஸல்) அவர்கள் அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக, அவரைப் பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு கூடாரத்தில் தங்கவைத்தார்கள். அது ருஃபைதா (ரலி) என்ற அஸ்லம் குலத்துப் பெண்மணியின் கூடாரம் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். இப்னு ஸஅத் தமது தபகாத்தில் அதே செய்தியைக் குஐபா பின்த் ஸஅத் (ரலி) என்ற பெயரில் தருகிறார். அவரும் அஸ்லம் குலத்தவரே. பெயரில்கூட அறிவிப்புகள் வேறுபடும் அளவுக்கு அந்தப் பெண்மணி ஓரமாக நின்று பணிசெய்திருக்கிறார். இன்று மேடைகளில் அவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். மூலநூல்களில் கிடைப்பவை சில வரிகளே.

அந்தச் சில வரிகளில் ஒரு சொல் இருக்கிறது. ருஃபைதா காயமுற்றோருக்கு மருந்திட்டு வந்தார் என்று சொல்லும் இப்னு இஸ்ஹாக், கவனிப்பாரற்ற முஸ்லிம்களுக்குப் பணிவிடை செய்வதில் தம்மை 'இஹ்திஸாப்' செய்துகொண்டார் என்கிறார். அல்லாஹ்விடம் மட்டும் கூலியை எதிர்பார்த்துச் செய்வது என்று இதற்குப் பொருள் சொல்லிக்கொடுக்கிறோம். அதன் வேர்ச்சொல் 'ஹிஸாப்', கணக்கு. எனவே 'தன்னார்வலர்' என்ற நம் சொல்லைவிட இது கனமானது. ஆர்வம் இன்று இருக்கும், நாளை தணிந்துவிடும். கணக்கில் வைத்தது அப்படிப் போகாது. இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். அந்த நிலையம் தொடங்கிய புதிதில் நானும் பெயர் கொடுத்தவன். மூன்றாவது ஞாயிறே ஒரு நிகாஹ் விருந்துக்குப் போய்விட்டேன். எழுத்தறியாத பெரியவர் ஒருவர் அன்று சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் வேளை மாற்றி உண்டுவிட்டார். அல்லாஹ்வின் அருளால் தலைசுற்றலோடு போயிற்று. அடுத்த வாரம் அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் இல்லையே, ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார்.

ஸஅத் (ரலி) அவர்களிடம் திரும்புவோம். இரத்தத்தை நிறுத்த நபி (ஸல்) அவர்களே தம் கையால் காயத்தில் சூடிட்டார்கள். கை வீங்கியது, மீண்டும் சூடிட்டார்கள். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது, இரவு எப்படிக் கழிந்தது, பகல் எப்படிக் கழிந்தது என்று கேட்பார்களாம்; அவரும் தம் நிலையைச் சொல்வாராம். இதை இமாம் புகாரி தமது அல்அதபுல் முஃப்ரதில் பதிவுசெய்திருக்கிறார். ஆயினும் காயம் ஆறவில்லை. ஓரிரவு அது திறந்துகொண்டது. பள்ளிவாசலுக்குள் கிஃபார் குலத்தாரின் கூடாரம் ஒன்றும் இருந்தது. தங்கள் பக்கம் இரத்தம் வழிந்தோடி வருவதைக் கண்டு அவர்கள் திடுக்கிட்டபோதுதான் செய்தி வெளியே தெரிந்தது. ஸஅத் (ரலி) வஃபாத்தானார்கள்.

ருஃபைதாவின் கூடாரத்தில் நமக்கு விரிவாகத் தெரிந்த ஒரே நோயாளி பிழைக்கவில்லை. இருந்தும் அந்தக் கூடாரத்தைப் பதிவுசெய்த எவரும் அதை வீண் முயற்சி என்று எழுதவில்லை. தலைவராயிருந்தவர் தம் இறுதி நாள்களைத் தனியே கழிக்கவில்லை; தொழ வருவோரின் காலடியோசை கேட்கும் இடத்தில் கழித்தார்.

"டாக்டருக்குப் படித்தவளா?" என்ற கேள்விக்கும் விடை இருந்தது. ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) போர்க்களத்தில் தாங்கள் செய்ததைப் பட்டியலிடும்போது, தண்ணீர் கொடுத்ததையும் காயமுற்றோரை மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் சொல்கிறார். இமாம் புகாரி அந்த அறிவிப்பை மருத்துவ அத்தியாயத்திலும் சேர்த்து, ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் மருத்துவம் செய்யலாமா என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார். அதற்குரிய வரம்புகளை அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அவற்றைப் பேணுவது நம் பொறுப்பு. உம்மு அத்திய்யா (ரலி) ஏழு போர்களில் கலந்துகொண்டவர். கூடாரங்களில் தங்கிச் சமைத்தார், நோயாளிகளைக் கவனித்தார். பிற்காலத்தில் அவர் பஸராவில் வாழ்ந்தபோது மய்யித்தைக் குளிப்பாட்டும் முறையை அறிஞர்களே அவரிடம் கேட்டுக் கற்றார்கள். நபியவர்களின் மகளாரைக் குளிப்பாட்டிய கை அது.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது கைபர் செய்தி. கிஃபார் குலத்துப் பெண்கள் சிலர், காயமுற்றோருக்கு மருந்திட நாங்களும் வருகிறோம் என்று அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் பரக்கத்தை வேண்டி இசைந்தார்கள். அவர்களுள் ஒருத்தி அப்போதுதான் பருவமடையும் வயதில் இருந்த சிறுமி. வெற்றிக்குப் பின் நபியவர்கள் ஒரு கழுத்து மாலையைத் தம் கையாலேயே அவளுக்கு அணிவித்தார்கள். வாழ்நாள் முழுவதும் அதை அவள் கழற்றவில்லை. தன்னோடு கப்ரில் வைக்குமாறு வஸிய்யத்தும் செய்தாள்.

தாயார் மீண்டும் வந்தபோது இந்தச் சிறுமியின் கதையை மட்டும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "தொழுகைக்கு முன்னால் வீடு திரும்பிவிடுவாளா?" என்று கேட்டார். "லுஹருக்கு முன் மூடிவிடுவார்கள், உம்மா. பெண்கள் பக்கம் தனியறை இருக்கிறது. நீங்களும் ஒருநாள் வந்து பாருங்கள்" என்றேன்.

அடுத்த ஞாயிறு மகளுடன் தாயாரும் வந்தார். மகள் சீட்டு எழுத அமர்ந்தாள். தாயார் வாசலில் தண்ணீர்க் குடத்தருகே நின்று, வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு ஒவ்வொரு குவளையாக மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.