மேடையில இருக்கிறவங்களுக்குக் கேட்டுச்சா?

கச்சேரின்னா எல்லாரும் பெரிய ஸ்பீக்கரைத்தான் பார்ப்போம். எனக்கென்னவோ பாடகர் காலடியில கிடக்கிற மானிட்டர் மேலதான் கண்ணு போகும். பாடுறவருக்கு அவர் குரலைக் காட்டுறது அதுதானே! அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு மக்களே.

1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் கச்சேரி. சுமார் 55,600 பேர், ஒரே அலறல். மேடையில மானிட்டரே கிடையாது. பாடுறது பாடுறவங்களுக்கே கேக்கல. டிரம்ஸ் வாசிச்ச ரிங்கோ ஸ்டார், முன்னாடி நிக்கிறவங்க உடம்பு ஆடுறதைப் பார்த்துத்தான் பாட்டு எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சாராம். மறுவருஷம் ஆகஸ்ட் 29, சான்பிரான்சிஸ்கோ கச்சேரியோட ஊர் ஊரா போய்ப் பாடுறதையே நிறுத்திட்டாங்க. (காரணங்கள் பல, இதுவும் ஒண்ணு.)

பிறகு மானிட்டர் வழக்கமாச்சு. அனலாக் மிக்சரில் ஒவ்வொரு சேனலுக்கும் 'ஆக்ஸ்' குமிழ்கள் உண்டு. ஆக்ஸ் 1-ஐத் திருகினா சத்தம் ஆக்ஸ் 1 சாக்கெட்டுக்குத்தான் போகும். உள்ளேயே ஒயர் போட்டு இணைச்ச ஜோடி அது.

டிஜிட்டல் வந்து இந்த ஜோடியைப் பிரிச்சிருச்சு. 2012ல் வந்த பெஹ்ரிங்கர் எக்ஸ்32-ல 16 மிக்ஸ் பஸ், பின்னாடி 16 அவுட்புட். எந்த பஸ் எந்த அவுட்புட்டுக்குன்னு ரூட்டிங்ல நாமதான் முடிவு பண்றோம். மாத்திக் கொடுத்துட்டா மீட்டர் என்னவோ ஜோராத்தான் ஆடும். ஆனா டிரம்மர் கேட்ட மிக்ஸ் பாடகர் காலடியில ஒலிக்கும்!

அதனால கச்சேரிக்கு முன்னாடி ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனித்தனியா மைக்கில் பேசி, எந்த மானிட்டர்ல வருதுன்னு மேடையிலேயே ஆள் நிறுத்திக் கேட்டுடுவேன். அஞ்சு நிமிஷ வேலை. மீட்டரை நம்பாதீங்க, காதை நம்புங்க.