ஒரு பழைய துவக்கை வாங்குவதற்கு முன்

கொட்டாஞ்சேனையில் எனக்கொரு நண்பன் இருக்கிறான். பழைய சாமான் என்றால் அவனுக்குப் பைத்தியம். ஒல்லாந்தர் காலத்துத் துட்டு, விக்டோரியா ராணியின் தலை போட்ட சதம், பித்தளை வெற்றிலைத் தட்டம் என்று வீடு முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறான். ஒருநாள் இரவு எனக்கு ஒரு படம் அனுப்பினான். வெளிநாட்டு ஏலம் ஒன்றில் விலைக்கு வந்த துவக்கு அது. நீளமான குழல், வெள்ளிப் பூவேலை, இடையிடையே யானைத்தந்தம். கீழே எழுதியிருந்தான்: "மச்சான், இலங்கைச் சாமான் எண்டு போட்டிருக்கிறாங்கள். உண்மையோ? வாங்கலாமோ?"

முதல் கேள்விக்கு ஒரு மணித்தியாலத்தில் பதில் கிடைத்தது. இரண்டாவது கேள்வி பல கிழமைகளாக எங்களை விடவில்லை.

முதலாவதைப் பார்ப்போம். பழைய துவக்கில் மருந்தைப் பற்றவைக்கும் பொறி குழலுக்குப் பக்கத்தில் இருக்கும். விசையை இழுத்தால் தீக்கல் இரும்பில் அடிபட்டு நெருப்புப் பறக்கும், மருந்து பிடிக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் இந்தப் பொறி வழக்கமாக வலப்பக்கத்தில் இருக்கும். கண்டி இராச்சியத்தின் கைவினைஞர்கள் செய்த துவக்கில் அது இடப்பக்கத்தில் இருக்கும். சோங்கும் வேறு மாதிரி, கடைசியில் இரண்டாகப் பிரிந்து வளைந்து போகும். மரம் முழுக்கக் கொடிவேலை. படத்தில் இவ்வளவும் இருந்தன. எங்கள் ஊர்ப்பக்கத்து இடியன் துவக்கைப் போலவே இதற்கும் குழல் வாயால் மருந்தை இடித்துத்தான் இறுக்க வேண்டும். ஆனால் இதைச் செய்தவர்கள் அழகுக்காகவும் கை நோக உழைத்திருக்கிறார்கள்.

1505 இல் போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தபோது பீரங்கிச் சத்தம் கேட்டு மக்கள் திகைத்துப்போனதை இராஜாவலிய சொல்கிறது. அதிலிருந்து நூறு வருசம்கூட ஆகவில்லை, நிலைமை மாறிவிட்டது. ஒல்லாந்துப் பயணி லின்சோட்டனின் நூல் 1596 இல் வெளியானது. சிங்களவர் செய்யும் துவக்குக் குழல்களைப் போல அழகானவை வேறெங்கும் இல்லை என்று அதில் எழுதுகிறார். பயந்து பார்த்த சாமானை மூன்று நான்கு தலைமுறைக்குள் படித்து, தங்கள் கைவேலையாகவே ஆக்கிவிட்டார்கள்.

சொல்லையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் துப்பாக்கி, எங்களுக்குத் துவக்கு, சிங்களத்தில் துவக்குவ. மூன்றும் துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த ஒரே சொல்லின் பிள்ளைகள். சின்னக் கால்களில் நிறுத்திச் சுடும் கண்டியரின் துவக்குக்குக் கொடித்துவக்கு என்று பெயர். எங்களுடன் படித்த, வேலை செய்த கொடித்துவக்குமார் எத்தனை பேர்! அந்தக் குடும்பப் பெயருக்குள் இருப்பதும் இந்தத் துவக்குத்தான்.

"அப்ப உண்மையான சாமான்தானே, வாங்குவம்" என்றான் நண்பன். அப்போதுதான் நான் கேட்டேன்: "அது அங்க எப்படிப் போனது?"

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பதிலும் கண்ட ஒரு கதை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. லெவ்கே திசாவ என்ற பிரபு 1745-46 அளவில் கண்டி அரசனுக்குக் கொடுத்ததாகக் கருதப்படும் ஒரு சிறு பீரங்கி. வெண்கலக் குழலில் பொன், வெள்ளி, மாணிக்கக்கல் பதித்து, கண்டியின் சின்னங்களான சூரியன், சந்திரன், சிங்கம் பொறித்தது. அந்த நேரம் கண்டியில் ஆட்சியில் இருந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், கண்டியின் முதலாவது நாயக்க அரசர்.

1765 இல் ஒல்லாந்து ஆளுநர் வான் எக் படையுடன் கண்டிக்குள் புகுந்தார். அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதற்கு முன்பே நகரை விட்டுப் போயிருந்தார். அரண்மனை சூறையாடப்பட்டது. அந்த வருசமே ஒல்லாந்தர் கண்டியை விட்டுத் திரும்பவேண்டி வந்தது, ஆனால் எடுத்த சாமான்கள் திரும்பவில்லை. பீரங்கி நெதர்லாந்துக்குப் போய், கடைசியில் அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளானது. கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிறவர்கள் வுல்ஃபெண்டால் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1757 இல் திறந்த கட்டடம். கண்டி கொள்ளை போன வருசம் அதற்கு எட்டு வயது.

எங்கள் அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்த பி. எச். டி. எச். டி சில்வா, வெளிநாடுகளில் கிடக்கும் இலங்கைப் பொருட்களின் பட்டியலை 1975 இல் புத்தகமாகவே வெளியிட்டார். நெதர்லாந்து தன் பக்கத்தில் ஒழுங்காகத் தேடத் தொடங்கியது 2019 இல். பழைய கடிதங்களையும் கணக்குகளையும் பொருட்களையும் இரு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒப்பிட்டார்கள். 1765 கொள்ளையில் போன பொருள் என்று உறுதியானது. 2023 யூலையில் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தார்கள், டிசம்பரில் பொருட்கள் கொழும்பில் கையளிக்கப்பட்டன. மொத்தம் ஆறு: பீரங்கி, பொன் வேலைப்பாட்டு வாள், வெள்ளி வேலைப்பாட்டு வாள், ஒரு கத்தி, இரண்டு மகாதுவக்குகள்.

ஒரு அரசாங்கமும் பெரிய அருங்காட்சியகமும் சேர்ந்து இவ்வளவு வருசம் எடுத்துக் கண்டுபிடித்ததை ஏலக்காரன் இரண்டு வரியில் முடித்துவிடுகிறான். நண்பன் அனுப்பிய படத்தின் கீழே இருந்தது "தனியார் சேகரிப்பு" என்ற குறிப்பு மட்டும்தான். யாருடைய சேகரிப்பு, எந்த வருசம், எப்படி இலங்கையை விட்டுப் போனது, ஒன்றும் இல்லை. 1765, 1803, 1815, 1818 எல்லாம் கண்டியில் சண்டை நடந்த அல்லது படை புகுந்த வருசங்கள். யாராவது ஒரு சிப்பாய் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். விலை கொடுத்து வாங்கியும் இருக்கலாம். கடுதாசி இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

சட்டத்தையும் பார்த்தோம். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2 க்கு முந்தியது தொல்பொருள். அது கண்டி உடன்படிக்கை எழுதிய நாள், கடைசி நாயக்க அரசரின் கிரீடம் போன நாள். அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் உள்ள துவக்கை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. இன்னொரு பக்கம் 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம், துவக்கு வைத்திருக்க உரிமம் கேட்கிறது. பழசு, அலங்காரத்துக்கு என்று நீங்களாகவே முடிவெடுக்கக் கூடாது. வாங்க முதல் தொல்பொருள் திணைக்களத்திடமும் ஒரு சட்டத்தரணியிடமும் கேளுங்கள்.

இதற்கும் மேலே ஒன்று இருந்தது. நான் வளர்ந்தது வெள்ளவத்தையில். துவக்கு என்ற சொல்லை அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவா. 2007 யூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்தக் காலத்தைக் கண்ட வீடுகளில் ஒரு துவக்கு, முந்நூறு வருசப் பழசாக இருந்தாலும், வரவேற்பறையில் தொங்குமோ? நண்பனின் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்தார்: "ஆராவது வந்து கேட்டா என்னெண்டு விளங்கப்படுத்துவாய்?"

நண்பன் கோபப்பட்டான். "இது எங்கட வரலாறும்தானேப்பா, நாங்கள் ஏன் பயப்பிடவேணும்?" அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மதுரைப் பக்கத்து உறவோடு வந்த அரசர்களின் அவை, சிங்களக் கைவினைஞரின் கை, துருக்கியிலிருந்து வந்த பெயர். இதில் எங்களுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண்டிக் கைவினைகளைப் பற்றி 1908 இல் பெரிய நூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி, கொழும்பில் ஒரு தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்தவர். கொழும்பு அருங்காட்சியகம் திறந்த 1877 ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்.

கடைசியில் அவன் ஏலத்தில் கை தூக்கவில்லை. பதிலாக விற்பவருக்கு ஒரு கடிதம் எழுதினான்: எப்போது, யாரிடமிருந்து, எந்தக் கடுதாசியோடு வாங்கினீர்கள்? பதில் வரவில்லை. துவக்கு வேறு யாருக்கோ விற்றுப்போனது. படத்தையும் ஏல விவரத்தையும் அவன் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறான். என்றைக்காவது ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவருக்குத் தேவைப்படும் என்கிறான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பீரங்கியைச் சுற்றித்தான் சனம். நண்பன் மகாதுவக்குகளுக்கு முன்னால் கனநேரம் நின்றான். "இதுக்கு மட்டும் வந்த வழி தெரியும், என்ன?" என்றான். நீங்களும் ஒருக்கால் போய்ப் பாருங்கோ.