மரம் அளந்தவர்கள் காற்றை அளந்த கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாம் என்ற சிற்றூர். அதை ஒட்டிய காட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் பழைய கல்வேலி குறுக்கிடும். ஓக்கும் மேப்பிளும் அடர்ந்த இடத்தில் வேலி எதற்கு? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது மேய்ச்சல் நிலம். மேற்கே நல்ல மண்ணும் ஆலைகளில் கூலியும் கிடைக்க, உழவர்கள் கிளம்பிப் போனார்கள். கைவிட்ட நிலத்தில் வெள்ளைப் பைன் தானாக முளைத்தது.

அந்தப் பைன் வெட்டுக்கு வந்த காலத்தில், 1907இல், ஹார்வர்டு பல்கலைக்கழகம் அங்கே ஓர் ஆய்வுக்காட்டைத் தொடங்கியது. முதல் இயக்குநர் ரிச்சர்டு ஃபிஷர். மாணவர்கள் கற்றது மரத்தொழில்: அடிமரத்தின் சுற்றளவை அளப்பது, எவ்வளவு மரம் தேறும் என்று கணக்கிடுவது, எப்போது வெட்டுவது என்று முடிவெடுப்பது. வெட்டிய இடத்தில் மறுபடி பைன் வரும் என்பது கணக்கு. வந்ததோ பெரும்பாலும் ஓக்கும் மேப்பிளும்! போதாக்குறைக்கு, 1938 செப்டம்பர் 21 அன்று வீசிய சூறாவளி எஞ்சிய முதிர்ந்த பைன்களிலும் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. விற்க மரமில்லாத காடு, ஆய்வுக்கு அதிக வசதியானதாக அமைந்தது என்றே சொல்ல வேண்டும்.

1988இல் நீண்டகாலச் சூழலியல் ஆய்வுக்கான தேசிய நிதி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டீவன் வோஃப்சியின் குழு 30 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றில் கருவிகளைப் பொருத்தியது. மரங்களின் தலைக்கு மேலே, காற்று எந்த வேகத்தில் ஏறி இறங்குகிறது, அதில் கரியமில வாயு எவ்வளவு என்று நொடிக்குப் பலமுறை அளந்தார்கள். காடு மொத்தமாக எவ்வளவு கரியை உள்ளே இழுக்கிறது என்ற கணக்கு, ஒரு மரத்தையும் தொடாமலே கிடைத்தது.

மீத்தேன் என்ற இன்னொரு வாயுவின் கணக்குக்குத் தரையில் குனிய வேண்டும். மண்ணில் பதித்த வளையத்தை மூடியால் அடைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிரிஞ்சால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். ஈரம் குறைந்த காட்டுமண்ணில் அடுத்தடுத்த மாதிரிகளில் மீத்தேன் குறைந்துகொண்டே போகும். அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணில் உண்டு. நைட்ரஜன் உரம் இட்டால் அவற்றின் பசி மந்தமாகிறது என்று பால் ஸ்டியூட்லரும் சகாக்களும் 1989இல் இங்கிருந்துதான் எழுதினார்கள்.

எல்லாவற்றிலும் துணிச்சலான வேலை ஜெர்ரி மெலிலோ குழுவுடையது. 1991இல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மின்கம்பிகளைப் புதைத்து, மண்ணை இயல்பைவிட 5 டிகிரி செல்சியஸ் சூடாக்கினார்கள். குளிர்காலத்தில் பக்கத்து நிலம் பனி மூடியிருக்க, சூடாக்கிய நிலத்துண்டுகளில் மட்டும் பனி உருகிவிடும். முதல் பத்தாண்டில் மண் கரியமில வாயுவை வாரி இறைத்தது. பிறகு அடங்கியது. எளிதில் மட்கும் கரி தீர்ந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று பையை மடித்துக் கிளம்பியிருக்கலாம். அவர்கள் மின்கட்டணம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 2008இல் இழப்பு மறுபடி தொடங்கி 2013வரை நீடித்தது. மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டமே மாறியிருந்தது. 26 ஆண்டு முடிவு 2017இல் வெளியானபோது, மேல் 60 சென்டிமீட்டர் மண்ணிலிருந்த கரியில் 17 சதவீதம் போயிருந்தது.