கம்பியற்ற உணரி வலையமைப்புகளில் கூட்டுப் பரப்புகையும் ஆற்றல் சிக்கனமும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. மின் வழங்கலும் கைபேசிச் சேவையும் பல இடங்களில் தடைப்பட்டன. இத்தகைய வேளையில் ஏரியின் நீர்மட்டத்தை அளந்து அறிவிக்கும் உணரி, தன் மின்கலத்தை மட்டுமே நம்பி இயங்க வேண்டும். அண்டைக் கணுக்கள் ஒத்துழைத்துச் செய்தி அனுப்பினால் மின்கலம் நீடிக்கும் என்னும் கருத்து எவ்வாறு உருவாயிற்று, அது எவ்வெல்லைக்குள் பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தின் தோற்றம்

அனுப்புநர், பெறுநர் ஆகியோரிடையே மூன்றாம் முனையொன்று நின்று உதவும் அமைப்பை 1971இல் வான் டெர் மியூலன் ஆராய்ந்தார். தாமஸ் கவர், அப்பாஸ் எல் கமால் ஆகியோர் 1979இல் அதன் கொள்திறன் குறித்த தேற்றங்களை வெளியிட்டனர். எவ்வளவு செய்தியை அனுப்ப இயலும் என்பதே அவ்வாய்வுகளின் வினா. மின்கலத்தின் ஆயுள் அன்று.

2003இல் செண்டோனாரிஸ், எர்கிப், ஆசாங் ஆகியோரும், 2004இல் லேன்மேன், சே, வோர்னெல் ஆகியோரும் அலை மங்கலுக்குத் தீர்வாக ஒத்துழைப்பை முன்வைத்தனர். ஒரே செய்தி இரு வேறு பாதைகளில் வந்தால், ஒன்று மங்கினும் மற்றொன்று கைகொடுக்கும். ஆகவே குறைந்த திறனிலேயே பிழையின்றி அனுப்பலாம்.

ஆற்றல் கணக்கு

2000ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் மூவர் ‘லீச்’ நெறிமுறையை வெளியிட்டனர். அவர்கள் வெண்டி ஹைன்செல்மேன், சென்னையில் பிறந்த அனந்தா சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆவர். ஒரு பிட்டுக்கு அனுப்பும் சுற்றுக்கும் பெறும் சுற்றுக்கும் தலா 50 நானோஜூல், பெருக்கிக்குத் தொலைவின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.1 நானோஜூல் என அவர்கள் கொண்டனர்.

இம்மதிப்புகளின்படி 100 மீட்டருக்கு நேரடியாக அனுப்ப 1100 நானோஜூல் செலவாகும். நடுவில் ஓர் இடைக்கணு நின்று பெற்று அனுப்பினால் 700 நானோஜூல் போதும். ஆனால் 20 மீட்டருக்கு நேரடிச் செலவு 140. இடைக்கணு வழியாகவோ 220. ஏறத்தாழ 45 மீட்டருக்கு உட்பட்ட தொலைவில் இடைக்கணு இழப்பையே தருகிறது. இடைக்கணுவின் சுற்றுகளும் மின்சாரம் உண்பதே இதற்குக் காரணம்.

பல கணுக்கள் சேர்ந்து அனுப்பும் முறையிலும் இவ்வுண்மை பொருந்துமென 2004இல் ஷுகுவாங் சூய், ஆண்ட்ரியா கோல்ட்ஸ்மித், அகமது பஹாய் ஆகியோர் காட்டினர். கணுக்கள் முதலில் தமக்குள் தரவைப் பகிர்வதற்காகும் செலவையும் அவர்கள் கணக்கில் சேர்த்தனர். குறிப்பிட்ட தொலைவைக் கடந்தபின்னரே ஒத்துழைப்பு ஆற்றலைச் சேமிக்கிறது.

வட்டாரப் பொருத்தம்

இடைநின்று அனுப்பும் நுட்பம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 1949இல் குரோம்பேட்டையில் சி. இராஜம் நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகம் மின்னணுப் பொறியியலைத் தொடக்கத்திலேயே பாடமாக்கியது. பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகமான அங்கு உருவான 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. ஓரிடத்திலிருந்து செய்தியைப் பெற்றுத் தேக்கிப் பின்னர் வேறிடத்திற்கு அனுப்புவதே அதன் பணி.

சேலையூர், செம்பாக்கம் போன்ற ஏரிகளில் உணரிகள் அமைக்கப்பெறின், ஒரே கரையில் நெருங்கி நிற்கும் கணுக்கள் தமக்குள் நேரடியாகப் பேசுவதே சிக்கனம். கரையிலிருந்து தொலைவிலுள்ள நிலையத்திற்கு அனுப்பும்போதுதான் கூட்டுப் பரப்புகை பயன் தரும். தரைக்கு அருகே அலை விரைவாக நலிவதால் அப்பயன் மேற்கண்ட கணக்கினும் குறுகிய தொலைவிலேயே தொடங்கும். எப்போதும் ஒரே கணுவே பிறர் செய்தியைச் சுமந்தால் அது முதலில் அணையும்; எனவே லீச் நெறிமுறையைப்போல் தலைமைப் பொறுப்பைச் சுழற்றுதல் வேண்டும்.

முடிவுரை

ஒத்துழைப்பு தன்னளவில் சிக்கனமன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. கொள்திறனில் தொடங்கிய ஆய்வு, சுற்றுகளின் செலவையும் கணக்கிட்ட பின்னரே மின்கலத்திற்கு உரியதாயிற்று. வெள்ளக் காலத்தில் இறுதிவரை செய்தி வரவேண்டுமாயின், வலையமைப்பைத் திட்டமிடுவோர் முதலில் அளக்க வேண்டியது கணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவையே.