பௌத்த மூலநூல்கள்: அசோகன் காட்டும் வாசல்

உசிலம்பட்டி வட்டத்தில், விக்கிரமங்கலத்தை அடுத்த உண்டாங்கல் மலையில், துறவியருக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. மதுரை வட்டாரத்து இத்தகைய குகைகளைப் பௌத்தருடையவை எனக் கருதியோர் முன்னர் உண்டு. 1940இல் வெளிவந்த 'பௌத்தமும் தமிழும்' நூலில் மயிலை சீனி. வேங்கடசாமி, அரிட்டாபட்டி என்ற ஊர்ப்பெயரையே இலங்கையின் அரிட்டருடன் இணைத்துப் பார்த்தார். இன்று கல்வெட்டறிஞர் பெரும்பாலோர் இக்குகைகளைச் சமணருக்கு உரியனவாகவே கொள்கின்றனர். ஆகவே தொடக்ககாலப் பௌத்தத்தைத் தேடுகிற பாண்டிநாட்டு வாசகன் கல்லை விட்டு நூலுக்கு வரவேண்டியவனாகிறான்.

எந்த நூலுக்கு? நம்மவர் முதலில் எடுப்பது மணிமேகலையை. மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரின் காப்பியம் நமக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் 29ஆம் காதை பேசும் அளவை இலக்கணம், புத்தருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய தருக்க மரபைச் சேர்ந்தது. அதை மட்டும் கற்றுப் புத்தரை அறிந்ததாக எண்ணுவது, உரையைப் படித்துவிட்டு மூலத்தைப் படித்ததாக எண்ணுவதற்கு ஒப்பாகும். நேரே பாலித் திரிபிடகத்துக்குச் சென்றாலோ மலைப்பே மிஞ்சும்; மஜ்ஜிம நிகாயத்தில் மட்டும் 152 சுத்தங்கள்!

இக்கேள்விக்கு ஏறத்தாழ 2250 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை எழுதி வைத்திருக்கிறார். தன் பாறைக் கல்வெட்டுகளில் பாண்டியரைப் பெயர் சுட்டிக் குறிப்பிடும் அதே அசோகன்தான் அவர். இராஜஸ்தானத்துப் பைராட்டில் கிடைத்து, கல்கத்தா ஆசியக் கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கல்வெட்டு அது. சங்கத்தாரை வணங்கி, புத்தர் மொழிந்த அனைத்தும் நன்மொழியே என்று ஒப்புக்கொண்டு, பின் ஏழு பகுதிகளை மட்டும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறார். பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் இவற்றை அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஏழில் சிலவற்றை இன்றைய நூல்களில் அடையாளம் காண்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் முனிகாதை, மோனேய சுத்தம், உபதிச்சன் வினா ஆகிய மூன்றும் சுத்தநிபாதத்தில் உள்ளவை என்பது அறிஞர் பலர் ஏற்ற முடிவு. சுத்தநிபாதத்தின் அட்டகவக்கம் மிகப் பழையது. அதிலுள்ள பதினாறு சுத்தங்களைச் சோணர் என்ற பிக்கு புத்தர் முன் ஓதியதாக உதானம் கூறுகிறது. அதற்கு எழுந்த உரையான நித்தேசமே திரிபிடகத்துள் ஒரு நூலாக இடம்பெற்றுவிட்டது. பிற்காலத்தின் எண்ணிட்ட பட்டியல்கள் இங்கு மிகக் குறைவு. 'என் கொள்கையே உயர்ந்தது' என்று வாதிடும் மனத்தைப் பற்றியே அட்டகவக்கம் திரும்பத் திரும்பப் பேசுகிறது.

அடுத்துப் படிக்க வேண்டியது, அசோகன் பட்டியலிலேயே உள்ள இராகுலனுக்கான உபதேசம். இது மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆம் சுத்தம். பொய்யைக் குறித்து ஒரு தந்தை மகனுக்குச் சொன்னது. பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டி, கூசாமல் பொய் சொல்வோரின் துறவு இவ்வளவே என்கிறார் புத்தர். இதைப் புரிந்துகொள்ள எந்தத் தத்துவப் பயிற்சியும் தேவையில்லை.

சுத்தநிபாதம் முழுவதும் ஒரே காலத்தது அன்று. அசோகன் பட்டியலும் ஓர் அரசன் தன் நோக்கில் தேர்ந்தது. இவற்றை மறவாமல் படித்தால் போதும். மணிமேகலையைக் கைவிட வேண்டியதில்லை; மூலத்தை அறிந்தபின் திரும்பினால், சாத்தனார் தம் மரபிலிருந்து எதை எடுத்தார், எதைப் புதிதாகச் சேர்த்தார் என்பது துலங்கும்.

உண்டாங்கல் படுக்கைகளில் கிடந்தோர் எச்சமயத்தவராயினும், தனித்து வாழும் முனியைப் பாடும் அப்பழம்பாடல்கள் அவர்களுக்கும் அந்நியமாய் இருந்திரா என்றே தோன்றுகிறது.