ஊடுகிற அறையும் கமெராவும்

'பூட்வார்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் சிரிப்பு வரும். முகத்தை உம்மென்று தூக்கி வைத்துக்கொண்டிருப்பது என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில், பெரிய வீட்டுப் பெண்கள் ஒருத்தரோடும் கதைக்க விருப்பமில்லாத நேரம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த சின்ன அறைக்குத்தான் அந்தப் பெயர். எங்கட அகப்பாடல்களிலும் தலைவி ஊடுவாள். ஆனால் அதுக்கெண்டு ஓர் அறை கட்டிக் குடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கு அது ஒரு புகைப்பட வகையின் பெயர். உள்ளாடையோடோ, ஒரு போர்வையோடோ, ஒன்றுமே இல்லாமலோ, அறைக்குள் இருந்து தன் உடலைத் தனக்காகப் படம் எடுப்பிக்கிறது. 'உது மெலிஞ்ச வெள்ளைக்காரப் பெட்டையளின்ர வேலை' எண்டுதான் கனபேர் நினைப்பினம். குண்டானவர்கள், வயது போனவர்கள், திருநர்கள் எல்லாரும் கமெராவுக்கு முன்னால் வந்தது இன்ஸ்டகிராமுக்குப் பிறகுதான் என்பது இன்னொரு நினைப்பு. இரண்டுமே பிழை. அந்த வரலாற்றை வாசிக்கேக்க என்னை விடாமல் துரத்திய கேள்வி ஒன்றுதான்: எடுத்த படம் பேந்து யாரின்ர கையில் இருந்தது?

முதலில் பரிஸ். கஸ்தீலியோனே சீமாட்டி 1850களில் தொடங்கி பியேர் லூயி பியர்சோன் என்பவரிடம் 400க்கும் மேற்பட்ட படங்கள் எடுப்பித்தார். எந்த உடுப்பு, எந்தக் கோணம், எப்படி நிற்பது என்பதெல்லாம் அவருடைய தீர்மானம். பியர்சோன் கமெராவை இயக்கினார், அவ்வளவுதான். வெறுங்காலைக் காட்டுவதே பெரிய விசயமாக இருந்த காலத்தில் தன் கால்களை மட்டும் தனியாகப் படம் பிடிக்கச் சொன்னார். 1890களில், அழகென்று ஊர் புகழ்ந்ததெல்லாம் போன பிறகும், திரும்ப அதே பியர்சோனிடம் போய் இருந்தார். அந்தக் கடைசிப் படங்கள்தான் எனக்குப் பிடித்தவை. ஆனால் சீமாட்டியிடம் காசு இருந்தது. காசு குடுத்தவருக்குப் படம் சொந்தம்.

காசில்லாதவர்களின் கதை நியூ ஓர்லியன்சில் இருக்கிறது. அந்த நகரத்தில் பாலியல் தொழிலை ஒரு வட்டாரத்துக்குள் அடக்குவதற்காக 1897இல் சட்டம் போட்டார்கள். அந்த வட்டாரம் ஸ்ரோரிவில். 1917இல், முதலாம் உலகப் போர் நேரம், கடற்படைத் துறையின் நெருக்குதலில் மூடப்பட்டது. அங்கே இருந்த பெண்களை 1912 அளவில் ஏர்னெஸ்ட் பெலொக் என்பவர் பெரிய கண்ணாடித் தட்டுகளில் படம் எடுத்தார். வயிற்றுப்பாட்டுக்குக் கப்பல் கொம்பனிகளுக்குப் படம் எடுத்துக் குடுத்த மனிசன். 1949இல் அவர் செத்த பிறகுதான் இந்தத் தட்டுகள் கண்டெடுக்கப்பட்டன. எண்பத்தொன்பது தட்டுகள். 1966இல் லீ ஃப்ரீட்லாண்டர் என்ற புகைப்படக்காரர் அவற்றை வாங்கி, பழைய முறைப்படியே கடதாசியில் அச்சிட்டார். 1970இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வந்தன.

அதில் ஒரு படம் பேர்போனது. கோடு போட்ட நீளக் காலுறையோடு ஒருத்தி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். மேசையில் ஒரு விஸ்கிப் போத்தல். கையில் இருக்கிற சின்னக் கிளாசைத் தூக்கிப் பார்த்து, 'என்ன, பாப்பமோ?' என்ற மாதிரி ஒரு பார்வை. இன்னொருத்தி நாய்க்குட்டியோடு. வேறொருத்தி ஞாயிறு பூசைக்குப் போற மாதிரி முழு உடுப்போடு. சில பேர் உடுப்பில்லாமல், குண்டான வயிறோடு, கூச்சப்படாமல். வாடிக்கையாளரை மயக்குவதற்கு எடுத்த படங்கள் மாதிரி இவை இல்லை. வேலை இல்லாத ஒரு பின்னேரத்தில் தெரிஞ்ச ஆள் ஒருவர் வந்து எடுத்த மாதிரி இருக்கு.

ஆனால் சில தட்டுகளில் முகம் சுரண்டப்பட்டிருக்கிறது. உடல் முழுசாக இருக்கும், முகம் இருக்கிற இடத்தில் கறுப்புக் கிறுக்கல். பெலொக் தானே செய்தார், இல்லை வேறு யாரோ செய்தார்கள் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றச் செய்ததா, அழிக்கச் செய்ததா என்பது படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விசயம் இல்லை. எனக்கு அதைவிட உறுத்துவது, சுரண்டாத முகங்களுக்கும் பெயர் இல்லை என்பதுதான். படம் எடுத்தவர், வாங்கியவர், சுவரில் மாட்டியவர் எல்லாருக்கும் பெயர் இருக்கு.

இந்த இடத்தில் லயனல் வென்ட் ஞாபகம் வராமல் இருக்காது. லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துவிட்டு வந்த கொழும்புப் பறங்கியர். '43 குழு' ஓவியர்களுக்குப் பக்கபலமாக இருந்தவர். 1930களில் அவர் எடுத்த இலங்கை ஆண்களின் நிர்வாணப் படங்கள், ஆண் உடலை அவ்வளவு ஆசையோடும் மரியாதையோடும் பார்த்தவை. ஓரினக் காதலைக் குற்றமாக்கும் பிரிவை 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் ஆங்கிலேயர் எழுதி வைத்திருந்த ஊரில் எடுத்தது. துணிச்சல்தான். ஆனால் அங்கேயும் கமெராவுக்கு முன்னால் நின்ற மீனவர்களினதும் கூலித் தொழிலாளிகளினதும் பெயர்கள் பெரும்பாலும் எங்களுக்கு வந்து சேரவில்லை. 1944இல் வென்ட் இறந்த பிறகு நெகட்டிவ்களும் அழிக்கப்பட்டன. இன்றைக்குக் கொழும்பில் நாடகம் பார்க்கப் போகிற மண்டபத்துக்கு அவருடைய பெயர். மற்றவர்கள் 'ஆண் உருவம்' மட்டும்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்கிறது. ஃபில்ம் காலத்தில் படம் எடுத்தால் யாரோ ஒருத்தர் அதைக் கழுவித் தர வேணும். எங்கட ஊரில் ஸ்ரூடியோ அண்ணை பார்க்காத சாமத்தியவீட்டு அல்பம் உண்டோ? நியூயோர்க் மாநிலத்துக் கற்ஸ்கில் மலைப்பகுதியில் 'காசா சூசானா' என்றொரு விடுமுறை இடம் இருந்தது. 1950களிலும் 60களிலும் வார நாளில் ஆணாக வேலைக்குப் போனவர்கள் சனி ஞாயிறில் அங்கே பெண்ணாக உடுத்தி, பெண் பெயரில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, சமைத்து, சீட்டு விளையாடி, நிறையப் படம் எடுத்தார்கள். பிடிபட்டால் வேலை போகும், குடும்பம் போகும். அதனால் உடனேயே கையில் படம் வரும் போலரொய்ட் அவர்களுக்குப் பெரிய வரம். இடையில் வேறு கண் இல்லை. பிற்காலத்தில் அந்தப் படங்களில் ஒரு பெருந்தொகை நியூயோர்க்கின் பழைய சாமான் சந்தை ஒன்றில் அகப்பட்டு, 2005இல் புத்தகமாக வந்தது. ஒளித்து வைத்தது கடைசியில் சந்தைக்குத்தான் போனது. அந்தப் புத்தகத்தைச் சந்தோசத்தோடு பார்ப்பதா, கூச்சத்தோடு பார்ப்பதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

லோரா அகிலாருக்கு வருவோம். இவருக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். 1959இல் கலிபோர்னியாவில் மெக்சிக்க அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிக்கல் தருகிற டிஸ்லெக்சியா இருந்தது. உடல் பருத்தவர், ஒருபாலீர்ப்புள்ளவர், காசு இல்லாதவர். 1989இல் ஒரு சிநேகிதியின் வீட்டில் தன்னைத்தானே எடுத்த படம்: திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் உடுப்பில்லாமல் சாய்ந்திருக்கிறார், முன்னால் மின்விசிறி ஓடுது, கையில் குடிக்க ஏதோ. வெக்கை. வேறு ஒன்றும் இல்லை. யாரையும் கவர முயலவில்லை, யாரிடமும் மன்னிப்பும் கேட்கவில்லை. ஊடுகிற அறை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் நான் பார்க்கவில்லை.

லொஸ் ஏஞ்சலிஸ் அப்போதைக்கே இதற்குப் பழகிய மண். குண்டு உடல்களின் விடுதலை கேட்டு 1973இல் ஓர் அறிக்கை அந்த நகரத்துப் பெண்களிடமிருந்து வந்திருந்தது. அகிலார் அறிக்கை எழுதவில்லை. தன் சமூகத்து ஒருபாலீர்ப்புப் பெண்களைப் படம் எடுத்து, படத்துக்குக் கீழே அவரவரையே கைப்பட எழுதச் சொன்னார். எழுத்து வராமல் கஷ்டப்பட்ட ஒருத்தர் மற்றவர்களுக்கு எழுத இடம் விட்டது சாதாரண விசயம் இல்லை. பெலொக்கின் தட்டுகளில் சுரண்டப்பட்ட இடத்தில் இங்கே கையெழுத்து இருக்கிறது. 1990இலிருந்து செய்த இன்னொரு தொடரில் சிநேகிதர்கள், சோடிகள், குடும்பங்கள் என்று எல்லா நிறத்து ஆட்களும் ஒரு படத்தில் உடுப்போடும் அடுத்ததில் உடுப்பில்லாமலும் நிற்கிறார்கள். 1996இல் நியூ மெக்சிக்கோ பாலைவனத்தில், பாறைகளுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து, தானும் ஒரு பாறையாக இருந்தார்.

அதற்குப் பிறகு இந்த வேலை பிரபலங்களுக்கும் பிடித்துவிட்டது. 'ஸ்ரார் ட்ரெக்' ஸ்பொக், அதுதான் லெனார்ட் நிமோய், 2007இல் பருத்த பெண்களின் நிர்வாணப் படங்களைப் புத்தகமாகப் போட்டார். இப்போது ஸ்ரூடியோக்கள் 'எல்லா உடலுக்கும்' என்று விளம்பரம் போட்டுப் பொதி பொதியாக விற்கின்றன. விற்கட்டும். ஆனால் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில், படத்தை விளம்பரத்துக்குப் பாவிக்க ஸ்ரூடியோவுக்கு உரிமை குடுக்கிற வரி இருக்கோ எண்டு வடிவாகப் பாருங்கோ.

அகிலாரின் படங்களை ஒட்டுமொத்தமாக வைத்த முதல் பெரிய கண்காட்சி 2017இல் நடந்தது. இடம், அவர் இளவயதில் புகைப்பட வகுப்புக்குப் போன கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸ் கல்லூரிக்குள் இருக்கும் வின்சென்ட் பிரைஸ் அருங்காட்சியகம். அடுத்த ஏப்ரலில், 58 வயதில், அவர் இறந்தார்.